டிரெய்லர் இழுக்கும் பிக்-அப் வாகனம்: எரிபொருளைக் குடிப்பது எடையா, காற்றா?

புதுதில்லி: வாகனம் ஒன்றை வாங்கும்போது அதன் மைலேஜ் எவ்வளவு என்று கேட்பது உலகெங்கும் உள்ள வழக்கம். அமெரிக்காவில் விற்பனையாகும் பிக்-அப் வாகனங்களின் ஜன்னல் கண்ணாடியில் அந்தக் கேள்விக்கான விடை அரசு முத்திரையுடன் ஒட்டப்பட்டிருக்கும். ஆனால், அதே வாகனத்தின் பின்னால் படகையோ, குதிரைகளை ஏற்றிய வண்டியையோ, குடும்பத்துடன் தங்கும் பயண இல்லத்தையோ இணைத்துவிட்டால், அந்தச் சீட்டில் உள்ள எண் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிடுகிறது. எவ்வளவு குறையும் என்பதைச் சொல்லும் அரசுச் சீட்டு எதுவும் இல்லை.

இது சிறிய விஷயமன்று. ஃபோர்டு நிறுவனத்தின் எஃப் வரிசை வாகனங்கள் 1977-ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவில் மிக அதிகமாக விற்பனையாகும் டிரக் என்ற இடத்தைத் தொடர்ந்து தக்கவைத்துள்ளன. அந்நாட்டில் பிக்-அப் என்பது சரக்கு வண்டி மட்டுமன்று. குடும்ப வாகனம், பண்ணை வாகனம், தொழில் வாகனம் ஆகிய அனைத்தும் அதுவே. விடுமுறைக் காலத்தில் வீட்டையே பின்னால் கட்டி இழுத்துச் செல்லும் வாகனமும் அதுதான். பாலைவனத்திலும் மலைப்பாதையிலும் அடுத்த எரிபொருள் நிலையம் வரை போய்ச் சேர முடியுமா என்பது இந்தக் கணக்கைப் பொறுத்தே அமைகிறது.

சீட்டில் இல்லாத எண்

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வெளியிடும் எரிபொருள் சிக்கன அளவீடு, ஆய்வகத்தில் உருளைகளின் மீது வாகனத்தை ஓட்டிக் கணக்கிடப்படுவது. நகரச் சாலை, நெடுஞ்சாலை, அதிக வேகம், குளிர்சாதனப் பயன்பாடு, கடுங்குளிர் ஆகிய நிலைகள் அதில் கருத்தில் கொள்ளப்படுகின்றன. டிரெய்லரை இழுத்துச் செல்லும் நிலை அதில் இடம்பெறவில்லை.

இதைவிட வியப்பளிக்கும் மற்றொரு விதிவிலக்கும் உண்டு. சுமையுடன் சேர்த்து மொத்த எடை வரம்பு 8,500 பவுண்டுக்கு, அதாவது சுமார் 3,850 கிலோவுக்கு மேற்பட்ட பிக்-அப் வாகனங்களுக்கு எரிபொருள் சிக்கனச் சீட்டே கட்டாயமில்லை. ஃபோர்டு எஃப்-250, ராம் 2500, செவ்ரோலே சில்வராடோ 2500 போன்ற கனரகப் பிக்-அப்கள் இந்த வகையைச் சேர்ந்தவை. அதாவது, பெரிய டிரெய்லர்களை இழுப்பதற்கென்றே வாங்கப்படும் வாகனங்களுக்குத்தான் மைலேஜ் விவரம் எழுதப்படுவதில்லை. வாங்குபவர் தம் அனுபவத்தையும் அண்டை வீட்டாரின் அனுபவத்தையுமே நம்ப வேண்டியுள்ளது.

இழுக்கும் திறனுக்கு மட்டும் ஒரு பொதுத் தரநிலை உள்ளது. வாகனப் பொறியாளர்களின் அமைப்பான எஸ்ஏஇ 2008-இல் ஜே2807 என்னும் சோதனை முறையை வெளியிட்டது. அதற்கு முன்னர் ஒவ்வொரு நிறுவனமும் தான் விரும்பிய முறையில் கணக்கிட்டு, போட்டியாளரை விட நூறு பவுண்டு கூடுதலாக இழுப்பதாக விளம்பரம் செய்து வந்தது. அரிசோனா மாநிலத்தில் டேவிஸ் அணைக்கு அருகே தொடங்கும் 18 கிலோமீட்டர் தொலைவுள்ள ஏற்றம் இச்சோதனைக்கு அடிப்படையாகக் கொள்ளப்பட்டது. சுமார் 38 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், குளிர்சாதனத்தை முழு அளவில் இயக்கியபடி, மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்துக்குக் குறையாமல் அந்த ஏற்றத்தை வாகனம் கடக்க வேண்டும். பின்புறம் இரட்டைச் சக்கரங்கள் கொண்ட வாகனங்களுக்கு இந்த வேகம் 56 கிலோமீட்டர். ஆனால், இதுவும் வாகனத்தால் இழுக்க முடியுமா என்பதைச் சொல்கிறதே தவிர, எவ்வளவு எரிபொருளில் இழுக்கும் என்பதைச் சொல்வதில்லை.

எடை ஒரு பங்கு, காற்று நான்கு பங்கு

டிரெய்லர் வாங்குவோர் முதலில் கேட்பது அதன் எடையைத்தான். விற்பனைக் கையேடுகளும் எடையையே பெரிய எழுத்தில் அச்சிடுகின்றன. சமதள நெடுஞ்சாலையைப் பொறுத்தவரை இந்தக் கவலை ஓரளவு இடம் மாறிய கவலையே.

ஓடும் வாகனத்தின் இயந்திரம் மூன்று தடைகளை வெல்ல வேண்டும். டயர் உருளும்போது ஏற்படும் தடை முதலாவது. இது எடையைப் பொறுத்தது. ஏற்றத்தில் புவியீர்ப்பு இழுப்பது இரண்டாவது. இதுவும் எடையைப் பொறுத்தது. மூன்றாவது காற்றின் தடை. இதற்கு எடையுடன் தொடர்பில்லை. வண்டியின் முகப்புப் பரப்பு, உருவம், வேகம் ஆகிய மூன்றுமே இதை நிர்ணயிக்கின்றன. பயண இல்ல டிரெய்லர் ஒன்று ஏறத்தாழ 8 அடி அகலமும் 10 அடிக்கு மேல் உயரமும் கொண்டது. அதை இழுக்கும் பிக்-அப்பின் கூரை அதைவிட நான்கு அடி தாழ்வானது. எஞ்சிய பகுதி சுவரைப் போலக் காற்றை நேருக்கு நேர் மோதுகிறது.

ஓர் எளிய கணக்கு இதைத் தெளிவாக்கும். பயணிகளுடன் 2,500 கிலோ எடையுள்ள பெட்ரோல் பிக்-அப், 3,000 கிலோ எடையுள்ள பயண இல்லத்தை மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் இழுப்பதாகக் கொள்வோம். அந்த 3,000 கிலோ எடையால் டயர்களில் கூடும் தடை சுமார் 300 நியூட்டன். டிரெய்லரின் உருவத்தால் கூடும் காற்றுத் தடையோ சுமார் 1,200 நியூட்டன். எடைக்கு ஒரு பங்கு என்றால் காற்றுக்கு நான்கு பங்கு.

இதே வண்டி அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரிலிருந்து பிளாக்ஸ்டாஃப் நகருக்குச் செல்வதாக வைத்துக்கொள்வோம். தொலைவு சுமார் 230 கிலோமீட்டர். ஃபீனிக்ஸ் கடல் மட்டத்திலிருந்து 330 மீட்டர் உயரத்திலும், பிளாக்ஸ்டாஃப் 2,100 மீட்டர் உயரத்திலும் உள்ளன. பெட்ரோலில் உள்ள ஆற்றலில் 30 விழுக்காட்டை இயந்திரம் சக்கரங்களுக்குக் கொண்டு சேர்க்கிறது என்று கொண்டால், டிரெய்லரை இணைத்ததற்காக மட்டும் செலவாகும் கூடுதல் பெட்ரோல் இவ்வாறு பிரிகிறது: மூன்று டன் எடையை மலை உச்சிக்குத் தூக்க ஐந்தரை லிட்டர், டயர்களின் தடைக்கு ஏழு லிட்டர், காற்றைப் பிளக்க 29 லிட்டர். மலையேறும் பயணத்திலும் பெரும் செலவு மலைக்கு ஆவதில்லை என்பது பலருக்கும் நம்ப முடியாததாகவே இருக்கும். செங்குத்தான ஏற்றத்தில் இயந்திரம் உறுமுவது காதில் கேட்கிறது. சமதளத்தில் காற்று பறித்துக்கொள்வது யாருக்கும் கேட்பதில்லை.

சமதளத்தில் இந்த இணை வண்டி ஒரு லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் அளவில்தான் ஓடும். அமெரிக்கக் கணக்கில் இது ஒரு காலனுக்கு ஒன்பது முதல் பத்து மைல். வெறும் பிக்-அப்பாக ஓடும்போது நெடுஞ்சாலையில் 20 மைலுக்கு மேல் தரும் வாகனங்கள், உயரமான டிரெய்லரை இழுக்கும்போது 8 முதல் 11 மைலுக்குள் தருவதாகவே உரிமையாளர்கள் பரவலாகத் தெரிவிக்கின்றனர். கணக்கும் அனுபவமும் இங்கு ஒத்துப்போகின்றன.

இதே 3,000 கிலோ எடை தாழ்வான தளத்தில் ஏற்றப்பட்ட செங்கல்லாகவோ, கூரிய முகப்புடைய படகாகவோ இருந்தால் கதை வேறு. அவற்றின் பெரும்பகுதி பிக்-அப்பின் நிழலில் மறைந்துவிடுவதால் காற்றுத் தடை அதிகம் கூடுவதில்லை. எடை குறைந்த, ஆனால் உயரமான வெற்றுப் பெட்டி டிரெய்லர், எடை மிகுந்த படகை விடக் கூடுதலாகப் பெட்ரோலைக் குடிக்கும் விந்தைக்கு இதுவே காரணம். சில நிறுவனங்களின் கையேடுகள் எடை வரம்புடன் முகப்புப் பரப்பு வரம்பையும் குறிப்பிடுகின்றன. அந்த வரியைப் படிப்பவர்கள் குறைவு.

விமான உடல் போன்ற வளைந்த அலுமினிய வடிவம் கொண்ட ஏர்ஸ்ட்ரீம் டிரெய்லர்கள் 1930-களிலேயே இச்சிக்கலுக்கு விடை தேடியவை. வாலி பயாம் 1931-இல் தொடங்கிய அந்நிறுவனத்தின் வண்டிகள் இன்றும் அதே உருவில் விற்பனையாகின்றன. பெட்டி வடிவ வண்டிகள் மலிவானவை, உள்ளே இடம் மிகுந்தவை என்பதால் சந்தை பெரும்பாலும் அவற்றின் பக்கமே சாய்ந்தது.

வேகத்தின் விலை

காற்றுத் தடை வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் கூடும். மேற்கண்ட வண்டியை 100-க்குப் பதிலாக 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால், காற்றுத் தடை 36 விழுக்காடு குறைகிறது. டயர்களின் தடையும் சேர்ந்த மொத்தத் தடை ஏறத்தாழ 28 விழுக்காடு குறைகிறது. 230 கிலோமீட்டர் சமதளப் பயணத்தில் 57 லிட்டர் தேவைப்பட்ட இடத்தில் 41 லிட்டர் போதும். மிச்சம் 16 லிட்டர். கூடுதலாகச் செலவாகும் நேரம் 35 நிமிடம். எந்தக் கருவியையும் வாங்காமல் கிடைக்கும் சேமிப்பு இதுவே. எரிபொருளைச் சேமிப்பதாகச் சொல்லி விற்கப்படும் துணைக்கருவிகள் எதுவும் இதற்கு அருகில் வருவது கடினம்.

எதிர்க்காற்று இந்தச் சேமிப்பை அப்படியே விழுங்கிவிடக்கூடும். 20 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று வீசினால், 80-இல் ஓடும் வண்டி 100-இல் ஓடும் வண்டியின் காற்றுத் தடையையே சந்திக்கிறது. சமவெளி மாநிலங்களில் மேற்கு நோக்கிப் பயணம் செய்வோர் இதை நன்கு அறிவர்.

வேகத்தைக் குறைக்கப் பாதுகாப்புக் காரணங்களும் உள்ளன. கலிஃபோர்னியாவில் டிரெய்லர் இழுக்கும் வாகனங்களுக்கு உச்ச வேகம் மணிக்கு 55 மைல், அதாவது 88 கிலோமீட்டர். டிரெய்லர்களுக்கென்றே தயாரிக்கப்படும் டயர்களில் பல, வேறு குறிப்பு இல்லாவிடில், 65 மைல் வேகத்துக்கே ஏற்றவை. டிரெய்லர் எடையில் 10 முதல் 15 விழுக்காடு இணைப்புக் கொக்கியின் மீது அழுந்துமாறு சுமையை அடுக்க வேண்டும் என்பது பொது விதி. பின்பக்கம் எடை மிகுந்தால், குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் டிரெய்லர் பாம்பைப் போல் நெளியத் தொடங்கி, இழுக்கும் வாகனத்தையும் சேர்த்துக் கவிழ்த்துவிடும்.

அளவீட்டு முறையும் ஒரு மயக்கத்தை உண்டாக்குகிறது. லிட்டருக்கு 10 கிலோமீட்டர் தரும் வாகனம் 9-க்கு இறங்கினால், 100 கிலோமீட்டருக்குக் கூடுதல் செலவு 1.1 லிட்டர். 5 கிலோமீட்டர் தரும் வண்டி 4-க்கு இறங்கினாலோ கூடுதல் செலவு 5 லிட்டர். இரண்டிலும் குறைந்தது ‘ஒன்று’தான். டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ரிச்சர்ட் லாரிக், ஜாக் சோல் ஆகியோர் இம்மயக்கத்தை 2008-இல் ‘சயின்ஸ்’ இதழில் விளக்கினர். 2013 மாதிரி ஆண்டு முதல் அமெரிக்கச் சீட்டுகளில் 100 மைலுக்கு எத்தனை காலன் என்ற அளவும் இடம்பெறுகிறது. டிரெய்லர் இழுப்போர் பார்க்க வேண்டியது இந்த எண்ணையே.

பெட்ரோலா, டீசலா?

ஒரு காலன் டீசலில் அதே அளவு பெட்ரோலை விட சுமார் 13 விழுக்காடு ஆற்றல் மிகுதியாக உள்ளது. டீசல் இயந்திரத்தின் அழுத்த விகிதமும் உயர்ந்தது. இவ்விரண்டும் சேர்ந்தே கனமான டிரெய்லர் இழுப்போரை டீசலின் பக்கம் கொண்டு செல்கின்றன.

சிறிய டர்போ பெட்ரோல் இயந்திரங்களுக்கு மற்றொரு குணம் உண்டு. ஃபோர்டு 2011 மாதிரி எஃப்-150 வாகனத்தில் ஈகோபூஸ்ட் இயந்திரத்தை அறிமுகப்படுத்திய பின்னர் இவை பரவலாயின. சுமையின்றி ஓடும்போது இவை சிக்கனமானவை. நீண்ட ஏற்றத்தில் முழு விசையுடன் இழுக்கும்போது, வெளியேறும் வாயுவின் வெப்பத்தைத் தணிப்பதற்காக எரிவதற்குத் தேவையானதை விடக் கூடுதல் பெட்ரோல் உட்செலுத்தப்படும் நிலை பெட்ரோல் இயந்திரங்களில் ஏற்படுவதுண்டு. அந்த நேரத்தில் சிக்கனம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அதேவேளை, டர்போ இல்லாத இயந்திரங்கள் ஒவ்வோர் ஆயிரம் அடி உயரத்துக்கும் ஏறத்தாழ மூன்று விழுக்காடு திறனை இழப்பதால், மலைப் பகுதியில் டர்போவுக்கே மதிப்பு.

இழுவைக்கான தனி ஓட்டுமுறைப் பொத்தானை அழுத்தினால் கியர் மாற்றம் தாமதமாகி, இயந்திரம் இரைச்சலுடன் சுழலும். எரிபொருள் வீணாகிறது என்று அஞ்சிப் பலர் அதை அணைத்துவிடுகின்றனர். உயர் கியருக்கும் தாழ் கியருக்கும் இடையே வாகனம் ஓயாமல் தாவுவதையும், அதனால் கியர்பெட்டி சூடாவதையும் தடுப்பதே அப்பொத்தானின் நோக்கம். இறக்கத்தில் தாழ் கியரில் இயந்திரமே வேகத்தைக் கட்டுப்படுத்தும். அப்போது நவீன இயந்திரங்களில் எரிபொருள் செலுத்துவதே நிறுத்தப்படும்.

இந்தியச் சாலைகளில்

இந்தியாவில் பிக்-அப் என்றால் முதுகில் சுமை ஏற்றும் வாகனமே. பின்னால் இழுப்பது டிராக்டரின் வேலை. மேற்கு மகாராஷ்டிரத்திலும் வட கர்நாடகத்திலும் அரைவைப் பருவத்தில் கரும்பு ஏற்றிய இரண்டு டிரெய்லர்களை ஒரே டிராக்டர் சர்க்கரை ஆலைக்கு இழுத்துச் செல்வது அன்றாடக் காட்சி. அங்கு மேற்கண்ட கணக்கு தலைகீழாகிறது. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்றுத் தடை, 100 கிலோமீட்டர் வேகத்தில் இருப்பதில் 25-இல் ஒரு பங்கு மட்டுமே. டீசலைக் குடிப்பது எடையும், மண் பாதையில் புதையும் டயர்களும்தான். அமெரிக்க ஓட்டுநருக்கு வேகத்தைக் குறைப்பது சேமிப்பு என்றால், இந்திய உழவருக்கு டயரில் சரியான காற்றும், அளவான சுமையும், சீரான சாலையுமே சேமிப்பு.

மின்சார வாகனத்தின் சோதனை

டிரெய்லர் இழுப்பதில் மிகக் கடுமையான சோதனையை எதிர்கொண்டவை மின்சாரப் பிக்-அப்களே. 2022-இல் விற்பனைக்கு வந்த ஃபோர்டு எஃப்-150 லைட்னிங் வாகனத்தின் பெரிய மின்கல வகை, 131 கிலோவாட் மணி ஆற்றலுடன் 320 மைல், அதாவது 515 கிலோமீட்டர் வரை செல்லும் என மதிப்பிடப்பட்டது. மேற்சொன்ன பயண இல்லத்தை 100 கிலோமீட்டர் வேகத்தில் இழுத்தால், அதே தடைக் கணக்கின்படி அது செல்லக்கூடிய தொலைவு ஏறத்தாழ 170 கிலோமீட்டர் மட்டுமே.

பெட்ரோல் வாகனத்தை விட இழப்பு கூடுதலாகத் தோன்றுவதற்குக் காரணம், மின்மோட்டாரின் குறையன்று; அதன் நிறைவே. பெட்ரோல் இயந்திரம் சுமையின்றி ஓடும்போதே பெரும் ஆற்றலை வெப்பமாக வீணாக்குகிறது. சுமை கூடும்போது அதன் செயல்திறன் ஓரளவு மேம்படுகிறது. மின்மோட்டார் தொடக்கத்திலேயே மிகக் குறைவாக வீணாக்குவதால், கூடும் சுமை முழுவதும் மின்கலத்தின் மீதே விழுகிறது. இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது எடையைத் தூக்கிய ஆற்றலின் ஒரு பகுதியை மின்கலம் திரும்பப் பெறும். காற்றுக்குக் கொடுத்தது திரும்புவதில்லை.

யூட்டா மாநிலத்தில் 70-ஆம் எண் இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலையில் கிரீன் ரிவர் ஊரைக் கடந்தால், அடுத்த ஊரான சலைனா வரை சுமார் 175 கிலோமீட்டருக்கு எரிபொருள் நிலையமோ உணவகமோ கிடையாது. அமெரிக்க இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலைகளில் எந்த வசதியும் இல்லாத மிக நீண்ட பகுதியாக இது அறியப்படுகிறது. சாலையும் மலைமேட்டில் ஏறிச் செல்கிறது. 98 லிட்டர் கலன் கொண்ட பெட்ரோல் பிக்-அப்புக்கு இது கலனில் பாதி. 170 கிலோமீட்டர் செல்லக்கூடிய மின்சார வண்டிக்கு, மின்கலம் முழுவதும் நிரம்பியிருந்தாலும், நடுவழி. வேகத்தை 80-க்குக் குறைத்தால் சமதளக் கணக்கில் தொலைவு 230 கிலோமீட்டராக உயரும். மின்னூட்ட நிலையத்தை அடைந்த பிறகும் வேலை முடிவதில்லை. பெரும்பாலான நிலையங்கள் கார்கள் தலைப்பக்கமாக நுழைந்து நிற்கும் வகையில் அமைந்துள்ளதால், டிரெய்லரைக் கழற்றி ஓரமாக நிறுத்தி, மின்னூட்டம் முடிந்ததும் மீண்டும் இணைக்க வேண்டியுள்ளது.

டிரெய்லருக்கே தனி மின்கலமும் மோட்டாரும் பொருத்துவது ஒரு தீர்வாக முன்வைக்கப்படுகிறது. ஏர்ஸ்ட்ரீம் நிறுவனம் 2022-இல் இத்தகைய மாதிரி ஒன்றைக் காட்சிப்படுத்தியது. கொலராடோவைச் சேர்ந்த லைட்ஷிப் நிறுவனம் 2023-இல் அறிமுகப்படுத்திய டிரெய்லரில், ஓடும்போது மேற்பகுதி கீழிறங்கி, முகாமிட்ட பின்னர் மேலெழும் அமைப்பு உள்ளது. தன்னைத் தானே தள்ளிக்கொள்ளும் மோட்டாருடன், காற்றை எதிர்க்கும் சுவரின் உயரத்தையும் அது குறைத்துக்கொள்கிறது.